மறைப்புக்கு ஒரு வாசல்

சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்த கதையைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துச் சொல்கிறார். 'உன்னைப் பிரியமாட்டேன்' என்று சிவன் சந்நிதியில் சத்தியம் செய்துகொடுக்க வேண்டும் என்பது மணத்துக்கான நிபந்தனை. சுந்தரரோ தலம் தலமாகப் போய்ப் பாடுகிறவர். திருவாரூரை மறந்து ஓரிடத்தில் தங்கிவிடக் கூடியவரல்லர். ஆகவே இறைவனிடமே ரகசியமாக ஒரு வேண்டுகோள் வைக்கிறார்: நான் சத்தியம் செய்ய வரும்போது நீர் கருவறையை விட்டு மகிழ மரத்தடியில் போய் இரும். இறைவன் ஒப்புக்கொள்கிறார். அதே இறைவன் சங்கிலியாரின் கனவில் தோன்றி, சத்தியத்தை மகிழடியிலேயே வாங்கிக்கொள் என்றும் சொல்லிவிடுகிறார். தப்ப வழியில்லாமல் சுந்தரர் மரத்தை வலம்வந்து ஆணையிடுகிறார். வசந்தம் வந்ததும் ஆரூர் நினைவு தாளாமல் ஊர் எல்லையைத் தாண்டுகிறார். இரண்டு கண்களும் பார்வை இழக்கின்றன. ஒற்றியூர்க் கோயிலில் மகிழடி சேவை என்று இன்றும் இதை விழாவாக நடத்துகிறார்கள்.

சுந்தரர் போட்ட திட்டம் எந்த வித்தைக்காரருக்கும் உடனே பிடிபடும். செப்படி வித்தையில் எல்லார் கண்ணும் ஒரு கிண்ணத்தின் மேல் இருக்கும், பந்து இன்னொன்றின் கீழே போயிருக்கும். இங்கே கண்கள் கருவறை மேல், கடவுள் மரத்தடியில். ஆனால் அவர் பார்வை போனது இந்த மறைப்புக்காக அன்று. மறைத்தவர் என்று பார்த்தால் இறைவனும்தான் சுந்தரரிடம் ஒன்றைச் சொல்லி, சங்கிலியாரிடம் வேறொன்றைச் சொன்னார். தண்டனை வந்தது, கொடுத்த வாக்கை மீறியதற்கு. ஏமாற்றைப் பற்றிய அறக்கேள்வியை இந்தக் கதை சரியான இடத்தில் நிறுத்துகிறது. எது மறைக்கப்பட்டது என்று கேட்டால் போதாது. பார்க்கிறவருக்கு என்ன வாக்குக் கொடுக்கப்பட்டது, அது காக்கப்பட்டதா என்று கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வியை மாயவித்தைத் தொழிலின் இன்றைய நிலைமேல் வைத்துப் பார்ப்பது அவசியமாகிவிட்டது. உலகெங்கும் வித்தைக் கடைகள் வாரந்தோறும் புதிய வித்தைகளை வெளியிடுகின்றன. ஒரு வெளியீடு என்றால் பெரும்பாலும் ஒரு பாட வீடியோ, அதனுடன் தேவைப்பட்டால் தந்திரமாக வெட்டியோ ஒட்டியோ செய்த சில சீட்டுகள். திருவொற்றியூர்க் காலடிப்பேட்டையில் இருக்கும் ஒரு பையன் கைப்பேசியும் ஒரு சீட்டுக்கட்டும் வைத்துக்கொண்டு, ஸ்பெயினிலோ அமெரிக்காவிலோ இருக்கும் கைதேர்ந்த கலைஞரிடம் நேரடியாகப் பாடம் கேட்கலாம். இதற்கு முன்னோடிகளும் உண்டு. ஹாஃப்மன் 1876இல் வெளியிட்ட 'மாடர்ன் மேஜிக்', ஹியூகார்டும் பிராவும் 1948இல் எழுதிய 'ராயல் ரோட் டு கார்டு மேஜிக்', ராபர்ட்டோ ஜியோபியின் 'கார்டு காலேஜ்' தொகுதிகள் எல்லாம் காசு கொடுத்தவர் எவருக்கும் ரகசியத்தைக் கற்றுக்கொடுத்தவையே. ஆனால் தொழிலுக்குள் எதிர்ப்பும் பழையது. 1905இல் லண்டனில் தொடங்கிய மேஜிக் சர்க்கிள் ரகசியம் காப்பதைத் தன் முக்கிய விதியாக வைத்திருக்கிறது. சமய நோக்கில் பார்ப்பவர் இன்னும் கடுமையாகக் கேட்கலாம்: ஏமாற்றுவது ஒரு பாவம், ஏமாற்றக் கற்றுக்கொடுத்துக் காசு வாங்குவது இரண்டாவது பாவம் ஆகாதா? ஆகாது என்பது என் முடிவு. அதற்கும் மேலே போய்ச் சொல்வேன்: மறைப்பை அறத்தோடு சேர்த்து வைப்பதே அந்தப் பாடம்தான்.

சைவ சித்தாந்தம் சிவனுக்கு ஐந்து தொழில்களைச் சொல்கிறது: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். நான்காவதாக வருகிற மறைத்தலை அது குறையாகவோ வஞ்சகமாகவோ எண்ணவில்லை. அதையும் கருணையின் ஒரு வடிவம் என்றே கொள்கிறது. உயிர் பக்குவப்படும்வரை இறைவன் தன்னை மறைத்துக்கொள்கிறான், பக்குவம் வந்ததும் அருளுகிறான். மறைத்தலுக்கு அடுத்து அருளல் இருப்பதால்தான் மறைத்தல் கருணை ஆகிறது. அருளலை எடுத்துவிட்டால் அது வெறும் இருட்டடிப்பு. ஒற்றியூர்க் கோயிலிலேயே இதற்குக் கண்ணால் காணக்கூடிய ஏற்பாடு ஒன்று உண்டு. ஆதிபுரீசுவரரின் புற்று லிங்கத்தின்மேல் ஆண்டு முழுவதும் கவசம் சாத்தியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தை நீக்கிப் புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். மற்ற நாளெல்லாம் கோயில் பக்தரை ஏமாற்றுகிறது என்று யாரும் சொல்வதில்லை. கவசம் இருப்பது எல்லாருக்கும் தெரியும், அது நீங்கும் நாளும் தெரியும், அன்று வரிசையில் நிற்க யாருக்கும் தடையில்லை. வித்தைக்கும் இதே அளவுகோலை வைக்கலாம். மறைப்பு இருக்கிறது என்று சொல்லப்பட்டிருக்க வேண்டும். உழைக்கத் தயாராக இருப்பவர் உள்ளே வர ஒரு வாசலும் இருக்க வேண்டும். விலைபோட்டு விற்கும் பாடம் அந்த வாசல்.

சீட்டு வித்தை எந்த இடத்தில் நம்மை ஏமாற்றுகிறது என்பதைக் கிட்டப்போய்ப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். டபுள் லிஃப்ட் என்றொரு கைவேலை உண்டு. சீட்டு வித்தையின் பாதி அதன்மேல் நிற்கிறது. கட்டின் மேலிருக்கும் இரண்டு சீட்டுகளுக்குக் கீழே இடக்கைச் சுண்டுவிரலின் சதை மயிரிழை அளவுக்கு இடம்பிடித்து வைத்திருக்கும். வித்தைக்காரர் இரண்டையும் ஒன்றுபோலச் சேர்த்துப் புரட்டிக் காட்டுகிறார்: ஆர்ட்டின் ராணி. மறுபடி கவிழ்க்கிறார், மேல் சீட்டை எடுத்துக் கட்டின் நடுவில் செருகுகிறார். விரலைச் சொடுக்கி மேல் சீட்டைத் திருப்பினால் ராணி அங்கேயே இருக்கிறாள். இதில் நம் கண் ஓர் இடத்திலும் பொய் சொல்லவில்லை. ராணி மெய், நடுவில் போன சீட்டும் மெய். 'ஒரு சீட்டைத்தான் திருப்பினார்' என்று நாமே முடிவுகட்டிக்கொண்டோமே, அங்கேதான் சறுக்கினோம். சிவஞான சித்தியார் என்னும் சித்தாந்த நூலின் சுபக்கம் அளவை இயலில் தொடங்குவது இங்கே நினைவுக்கு வருகிறது. கடவுளைப் பற்றிப் பேசுவதற்கு முன் காட்சி எது, அனுமானம் எது, ஆப்தர் (நம்பத்தக்கவர்) உரை எது, ஒவ்வொன்றும் எங்கே பிழைபடும் என்று அருணந்தி சிவாசாரியார் வரையறுத்துக்கொள்கிறார். நல்ல சீட்டு வித்தையைக் கற்பவர் செய்வதும் அந்தப் பயிற்சிதான். கண்டதற்கும் கண்டதாகக் கருதியதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை அவர் விரலாலேயே அளந்து தெரிந்துகொள்கிறார்.

ஒற்றியூரோடு தலமரபு சேர்த்துப் பேசும் ஆதிசங்கரர் மாயவித்தைக்காரரை வேறு விதமாகப் பயன்படுத்தினார். பிரம்ம சூத்திர பாஷ்யத்தில் ஓர் உவமை வருகிறது: கத்தியும் கேடயமும் ஏந்திக் கயிற்றில் ஏறி வானத்துக்குப் போகிறவன் தோற்றம், தரையில் நிற்கும் வித்தைக்காரன் மெய். அந்த வித்தைக்காரனைத் தன் வித்தை தீண்டுவதில்லை என்று பாஷ்யத்தில் இன்னோர் இடமும் சொல்கிறது. சித்தாந்திகள் இதை ஒப்பமாட்டார்கள். அவர்களுக்கு மாயை ஓர் உள்பொருள், உலகம் வெறுந்தோற்றம் அன்று. எனக்கும் இந்த ஒரு விஷயத்தில் சித்தாந்தமே சரியாகப் படுகிறது, ஐம்பத்திரண்டு சீட்டும் எப்போதும் உள்பொருளாகத்தான் இருக்கின்றன. ஆனால் சங்கரரின் உவமை வேலை செய்வதற்கு அவசியமான ஒரு துணிபை இரு தரப்பும் ஏற்கும். வித்தை என்பது யாரோ ஒருவருக்குத் தெரிந்தது, ஆகவே இன்னொருவருக்கும் தெரிவிக்கக்கூடியது. அறிவால் நீங்காத மயக்கத்தை எந்த ஆசிரியரும் உவமையாக எடுக்கமாட்டார். கற்றுத்தரக் கூடியதாக இருப்பது வித்தையின் தன்மையிலேயே அடங்கியிருக்கிறது.

இங்கே பலமான ஓர் ஆட்சேபம் ஒற்றியூர்க் கடற்கரையிலிருந்தே வரும். பட்டினத்தார் அங்கே சிறுவர்களோடு விளையாடினார் என்பது செவிவழி மரபு. தம்மைக் கூடையாலோ சாலாலோ கவிழ்த்து மூடச் சொல்வாராம், பிறகு வேறோரிடத்திலிருந்து எழுந்து வருவாராம். கடைசி முறை திறந்து பார்த்தபோது சிவலிங்கம் இருந்தது என்பார்கள். அங்கே அவருடைய சமாதிக் கோயில் இருக்கிறது. தெரு வித்தைக்காரர்களின் கூடை வித்தையை அறிந்தவருக்கு இந்த ஒப்புமை கண்ணில் படாமல் இருக்காது. வாய் குறுகி வயிறு அகன்ற கூடையில் சிறுவன் உள்விளிம்பை ஒட்டி வளைந்து படுத்துக்கொள்வான். வாள் நடுவே பாயும். கூடை வெறுமையாகத் தெரியும். வித்தை ரகசியங்களை ஊரெல்லாம் பரப்பினால் சித்தர்களையும் கூடை வித்தைக்காரர் ஆக்கிவிடமாட்டீர்களா என்று ஒரு பக்தர் கேட்டால், அந்தக் கேள்வியை மதித்துப் பதில் சொல்ல வேண்டும். ஒரு செயலைத் தந்திரத்தால் செய்யமுடியும் என்பதால் அது தந்திரத்தால்தான் செய்யப்பட்டது என்று ஆகிவிடாது. பகுத்தறிவாளர்கள் சிலர் இந்தத் தாவலைச் செய்கிறார்கள், அது தர்க்கப்பிழை. ஆனால் பட்டினத்தாரைத் தமிழர் வணங்குவது அவர் மறைந்து எழுந்த விளையாட்டுக்காகவா? பெருஞ்செல்வத்தை விட்டுக் கோவணத்தோடு நடந்தவர் என்பதற்காக அல்லவா? அவர் அந்தச் சிறுவர்களிடம் காணிக்கை வாங்கவில்லை, நோய் தீரும் என்று சொல்லவில்லை. கூடை வித்தையின் சூத்திரம் எத்தனை பேருக்குத் தெரிந்தாலும் துறவின் மதிப்பில் ஓர் அணுவும் குறையாது. சூத்திரம் வெளியானால் குறைந்துபோகும் பெருமை, சூத்திரத்தின் மேலேயே கட்டப்பட்ட பெருமையாகத்தான் இருக்கும்.

அப்படிப்பட்ட பெருமைக்கு உதாரணமாக, வெறுங்கையில் விபூதி வரவழைப்பதை எடுத்துக்கொள்வோம். சாம்பலைக் கஞ்சியில் பிசைந்து சிறு உருண்டைகளாக்கிக் காயவைத்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் இடுக்கிக்கொண்டு, கையைச் சுழற்றி நசுக்கினால் விரல் நுனிகளிலிருந்து திருநீறு கொட்டும். கோழிக்கோட்டில் 1930இல் பிறந்து கோவை போத்தனூரில் வாழ்ந்து 2009இல் மறைந்த பசவ பிரேமானந்த், இதையும் இதுபோன்ற நூற்றுக்கும் மேற்பட்ட 'அற்புதங்களையும்' மேடையில் செய்து காட்டினார். செய்து காட்டியதோடு நிற்காமல் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் கற்றுக்கொடுத்ததுதான் அவருடைய பெரும்பணி. அவருக்கு முன்பே இலங்கையில் ஆபிரகாம் கோவூர், தந்திரத்துக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வென்றதில்லை. 2023 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துச் சாமியார் ஒருவர் பக்தர்களின் மனத்தை அறிவதாக எழுந்த சர்ச்சையில், மனோவித்தைக் கலைஞர் சுஹானி ஷா தொலைக்காட்சியில் அதே வகை வித்தைகளைச் செய்துவிட்டு, இது கலை, தெய்வசக்தி இல்லை என்று சொன்னார். சாமியாரும் கலைஞரும் கையாள்வது ஒரே சரக்காக இருக்கலாம், கொடுக்கும் வாக்கு எதிரெதிரானது. 'இதற்கொரு பாடம் விற்பனைக்கு உண்டு' என்று சபையில் எழுந்து ஒருவர் சொன்னால் கலைஞருக்கு வெட்கமில்லை. மற்றவருக்கு அன்றோடு கடை மூட வேண்டியதுதான். இருவரையும் பிரித்துக் காட்ட இதைவிட நேரான சோதனை எனக்குத் தெரியவில்லை.

கற்றுக்கொடுத்தால் மோசடிக்காரர்களும் கற்றுக்கொள்வார்களே என்ற கவலை இயல்பானது. மூணு சீட்டுக்காரரைப் பாருங்கள். வலக்கையில் இரண்டு சீட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக; கீழ்ச் சீட்டு விழுவதுபோலக் கையை வீசி மேல் சீட்டை விடுவார். ராணியைத் தொடர்ந்த கண் அங்கேயே வழிதவறிவிடும். கூட்டத்தில் ஜெயிப்பவர்கள் எல்லாம் அவருடைய ஆட்கள். சம்பள நாளில் துறைமுக வேலையிலிருந்து வரும் ஒரு தொழிலாளி அதில் கூலியைத் தொலைத்தால், அவர் தொலைத்தது அந்த ஒரு வீச்சை அறியாததால். வீசுபவருக்கு அது தெரியும், அவருக்குப் பாடப்புத்தகம் தேவையில்லை. ரகசியம் காக்கப்பட்டால் லாபம் வீசுபவருக்கு, வெளிவந்தால் லாபம் கூலி வாங்கியவருக்கு. ரெஜினால்டு ஸ்காட் 1584இல் இங்கிலாந்தில் எழுதிய நூலில் கைவித்தைகளின் சூத்திரங்களை விளக்கியதும் இதுபோன்ற நோக்கத்தில்தான்; சூனியக்காரி என்று ஏழைக் கிழவிகளைக் கொல்லும் பைத்தியத்தை நிறுத்தவே அவர் அதை எழுதினார். எர்ட்னேஸ் என்ற புனைபெயரில் ஒருவர் 1902இல் சிகாகோவில் வெளியிட்ட சீட்டு நூல் சூதாட்டக் கைவேலைகளை ஒளிவுமறைவின்றிக் கற்றுக்கொடுத்தது. அதைப் பாடநூலாகக் கொண்டு ஒரு நூற்றாண்டாகக் கலைஞர்கள் உருவாகி வருகிறார்கள்.

மேடை மறைப்பையும் மற்ற மறைப்புகளையும் பிரிக்கும் இன்னொரு கோடும் இங்கே தெரிகிறது. வித்தை பார்ப்பவர் எழுந்து போய்விடலாம், போனால் அவருக்கு நஷ்டமில்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் வீதிக்கு ஓடிவந்தார்கள். தங்கள் வாசலுக்கு எதிரே கடலுக்கடியில் என்ன ஓடுகிறது, கசிந்தால் எப்படித் தெரியும் என்பதெல்லாம் அவர்களுக்கு முன்பே விளக்கப்பட்டிருக்க வேண்டிய செய்திகள். எழுந்து போக முடியாதவர்கள் முன் எதையும் மறைக்கும் உரிமை யாருக்கும் கிடையாது. மாயவித்தைக்கு நான் கொடுக்கும் அனுமதி, பார்ப்பவர் சம்மதத்தால் மட்டும் கிடைப்பது.

ஆட்சேபங்களில் என்னை அதிகம் தடுத்து நிறுத்துவது தெரு வித்தைக் குடும்பங்களின் பக்கத்திலிருந்து வருவது. அவர்களுக்கு வித்தை ரகசியம்தான் சொத்து, நிலமில்லை, பத்திரமில்லை. அந்தச் சொத்து ஏற்கெனவே ஒருமுறை பறிபோனது. 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னையில் சேஷால் என்று ஆங்கிலேயர் பெயர் எழுதிவைத்த ஒருவர், மான்தோல் சுற்றிய ஒரு தாங்கியில் ஒரு கையை வைத்துக்கொண்டு அந்தரத்தில் அமர்ந்து காட்டினார். 1832இல் லண்டன் பத்திரிகையில் செய்தி வந்தது. ஆடைக்குள் ஓடும் இரும்புத் தாங்கியே சூத்திரம் என்று வித்தை வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். 1847இல் பாரிசில் ராபர்ட்-ஊடின் தன் மகனை அந்தரத்தில் கிடத்தி, ஈதர் வாயுவின் மகிமை என்று சொல்லிப் புகழ்பெற்றார். ராமோ சாமி என்று லண்டன் விளம்பரங்களில் அச்சான தென்னிந்தியக் கலைஞர் பல்லாண்டு அந்நகரை வியக்கவைத்து 1850இல் வறுமையில் இறந்தார். மறுபக்கம், 1890இல் சிகாகோ ட்ரிப்யூன் இந்தியக் கயிற்று வித்தையைக் கண்டதாக ஒரு கற்பனைக் கட்டுரை வெளியிட்டது. சில மாதம் கழித்து மறுப்பும் வெளியிட்டது; மறுப்பை யாரும் கவனிக்கவில்லை, கயிறு மட்டும் உலகெங்கும் இந்தியாவின் பெயரில் நிமிர்ந்து நின்றது. செய்த வித்தைக்குப் பெயர் கிடைக்கவில்லை, செய்யாத வித்தைக்குக் கிடைத்தது. சுதந்திர இந்தியாவும் இவர்களை நன்றாக நடத்தவில்லை: 1959ஆம் ஆண்டு பம்பாய் பிச்சை தடுப்புச் சட்டம், பொது இடத்தில் வித்தை காட்டிக் காசு கேட்பதையும் பிச்சை என்ற வரையறைக்குள் வைத்தது.

ஆனால் இந்த அநீதிக்குக் காரணம் ரகசியம் பரவியது அன்று, பெயரும் பணமும் இல்லாமல் பரவியது. நல்ல பாட வெளியீடுகளில் ஒரு வழக்கம் உண்டு: இந்தக் கைவேலையை முதலில் யார் கண்டார், யார் திருத்தினார், யாரிடம் அனுமதி வாங்கினேன் என்று ஆசிரியர் முதலிலேயே சொல்லிவிடுவார். சொல்லாதவரைத் தொழில் மன்னிப்பதில்லை. நம் தெருக் கலைஞர்களின் கூடை வித்தைக்கும் செப்படி வித்தைக்கும் அதே மரியாதையும் அதற்கான தொகையும் சேர வேண்டும். அவர்களே ஆசிரியர்களாக அமர்ந்து, அவர்கள் பெயரில் பாடம் வெளிவர வேண்டும். ரகசியத்தைப் பூட்டிவைப்பதால் அந்தக் குடும்பங்கள் பிழைக்கவில்லை என்பதற்கு இருநூறு ஆண்டு வரலாறு சாட்சி.

வியப்பு செத்துப்போகும் என்ற கடைசி ஆட்சேபத்தில் பாதி உண்மை இருக்கிறது. முப்பது விநாடி ரீல்ஸில் சூத்திரத்தை உடைத்துக் காட்டுவது கற்பித்தல் ஆகாது. அதைப் பார்ப்பவர் எதையும் கற்பதில்லை. அடுத்தவர் உழைப்பை அலட்சியமாகப் பார்க்க மட்டும் பழகுகிறார். சித்தாந்தம் பக்குவம் என்று சொல்வது இங்கே பொருந்தும். டபுள் லிஃப்டை வார்த்தையில் அறிவதற்கும், சுண்டுவிரல் தானாக இடம்பிடிக்கும்வரை மாதக்கணக்கில் பழகுவதற்கும் உள்ள தூரம் பெரிது. அதைக் கடந்தவருக்கு வியப்பு குறைவதில்லை. ராகம் தெரிந்தவர் ஆலாபனையில் தோய்வதுபோல, இன்னொருவர் கை அதே வேலையைச் செய்யும்போது அவர் கூடுதலாகவே வியக்கிறார்.

ராயபுரம் முதல் எண்ணூர்வரை பள்ளி ஆண்டுவிழாக்களிலும் பிறந்தநாள்களிலும் வரவேற்புகளிலும் வித்தை காட்டும் கலைஞர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். புதிய வித்தைகளை வாங்குங்கள், பழகுங்கள், ரகசியத்தை மேடையில் காத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி தொடங்கும்போது இது கைப்பழக்கம், இதைக் கற்கலாம் என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் என்றால் இறங்குமுன் விபூதி உருண்டையையும் மூணு சீட்டு வீச்சையும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போங்கள். இந்த இரண்டும் உங்கள் பிழைப்புக்குத் தேவைப்படாது, அந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்படும்.